எயார்பேக் லைட்டை அணைக்கிற பாஸ்மாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் அண்ணன்மாரே, தம்பிமாரே. கொழும்பில வயரிங் வேலை பாக்கிற பாஸ்மார், கராஜ் வச்சிருக்கிற முதலாளிமார், கார் வாங்கி விக்கிற ஆக்கள் எல்லாருக்கும் சேத்துத்தான் இதை எழுதுறன். நானும் உங்கட தொழில்தான், ஆரையும் பேர் சொல்லித் திட்ட வரேல்ல. ஆனா கிட்டடியில என்னட்ட வந்த ஒரு வாகனத்தைப் பாத்த பிறகு சும்மா இருக்க மனம் விடேல்ல.

பழைய ஜப்பான் கார் ஒண்டு. வாங்கிக் கொஞ்ச நாள்தான் எண்டு ஒரு தங்கச்சி கொண்டு வந்தவ, ஹோர்ன் அடிக்குதில்ல, அவ்வளவுதான் கம்ப்ளெய்ன்ட். ஹோர்ன் செத்தா முதல்ல ஸ்பைரல் கேபிளைத்தான் சந்தேகப்படுவம், ஏனெண்டா ஸ்டியரிங்குக்குப் பின்னால சுருண்டு கிடக்கிற அந்தத் தட்டைக் கேபிளுக்குள்ளாலதான் ஹோர்னும் போகுது ட்ரைவர் எயார்பேக்கும் போகுது. அப்ப எயார்பேக் லைட்டும் பத்திக்கொண்டு இருக்கோணுமே? இல்ல. சாவியை ஓன் பண்ணினா லைட் வருது, ஸ்டார்ட் பண்ணினா போகுது, பாக்கிற ஆளுக்கு எல்லாம் சரி. நான் ஸ்டார்ட் பண்ணாம ஓன்லயே விட்டுப் பாத்தன். லைட் போகவே இல்ல. ஓயில் லைட்டோட சேந்து நிக்குது, ஓயில் லைட்டோட சேந்து போகுது. மீட்டரைக் கழட்டினா எயார்பேக் பல்பில இருந்து ஓயில் லைட் லைனுக்கு மெல்லிசா ஒரு வயர், சோல்டர் சுத்தமாப் பிடிச்சு, மேல ஸ்லீவும் போட்டு. நல்ல கை. அந்தக் கையில இருக்கிற திறமைதான் எனக்கு வயித்தெரிச்சல். எயார்பேக் அப்பிடியே கிடக்கு, பழுதில்ல, கேபிள் மட்டும்தான் அறுந்திருக்கு. அந்த வயர் இழுத்த நேரத்துக்குக் கேபிளையே மாத்தி முடிச்சிருக்கலாம்.

இதில என்ன பெரிய விசயம் எண்டு கேக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்றன். நம்மட நாட்டில பஸ், லொறிக்குத்தான் தகுதிச் சான்றிதழ் வேணும். பிரைவேட் காருக்கு வருசா வருசம் ரெவனியூ லைசன்ஸ் எடுக்க இன்சூரன்சும் புகைச் சேர்ட்டிபிகேட்டும் காட்டினாச் சரி. புகை பாக்கிற இடத்தில குழாய்க்குள்ள கம்பியை விட்டுப் புகையை மட்டும்தான் பாக்கிறாங்க, எயார்பேக் லைட் பத்துதா இல்லையா எண்டு ஒருத்தரும் பாக்கிறேல்ல. 2011ல முன் சீட்டுக்கு பெல்ட் கட்டாயம் எண்டு வந்தது, பொலிஸ் மறிச்சா பெல்ட் போட்டிருக்கோ எண்டு பாப்பாங்க, அந்த பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற பிரிடென்ஷனருக்குக் கரண்ட் போகுதா எண்டு ரோட்டில வச்சு எப்பிடிப் பாக்கிறது? ஆக அந்தக் காரின்ட ஆயுசு முழுக்க அந்த சிஸ்டத்தைச் செக் பண்ணுற ஒரே ஆள் அந்தச் சின்ன லைட்தான். அதையும் நாம வாயைக் கட்டி விட்டா பிறகு ஒருத்தரும் பாக்கப் போறதில்ல, அடிபடுற அண்டைக்கு மட்டும்தான் தெரிய வரும்.

சரி, கோபத்தை விட்டுட்டு வேலைக்கு வருவம். எயார்பேக் லைட் எண்டா பயந்து அணைக்கிறதுக்குக் காரணம் பாதிப் பேருக்கு அதை எப்பிடித் தேடுறது எண்டு தெரியாததுதான் எண்டு நான் நினைக்கிறன், கள்ளப் புத்தி எல்லாருக்கும் இல்ல. ஒண்லைன்ல எடுக்கிற மலிவு ஓபிடி ரீடர் (காரில குத்திப் பழுது வாசிக்கிற கருவி) பெரும்பாலும் எஞ்சின் கோட்தான், அதாவது எஞ்சின் பழுதுக்கான நம்பரைத்தான் வாசிக்கும், எயார்பேக் ஈசியுவோட (எயார்பேக்கை இயக்குற கொம்பியூட்டரோட) அது கதைக்காது, "கோட் ஒண்டும் இல்ல" எண்டு காட்டும், அதை நம்பி "லைட் சும்மா பத்துது" எண்டு கஸ்டமருக்குச் சொல்லிட வேண்டாம். எஸ்ஆர்எஸ்க்குள்ள, அதாவது எயார்பேக் சிஸ்டத்துக்குள்ள, போற ஸ்கேனர் வேணும். டொயோட்டாவில ட்ரைவர் எயார்பேக்குக்கு மட்டும் B1800ல இருந்து B1803 வரைக்கும் நாலு கோட் இருக்கு: ஷோர்ட் (ரெண்டு வயரும் ஒண்டோட ஒண்டு முட்டுது), ஓபன் (அறுந்திருக்கு), எர்த்தில முட்டுது, பிளஸ்ஸில முட்டுது. இந்த நாலுல எது எண்டு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது. இப்ப இருக்கிற கோடா பழைய ஹிஸ்டரி கோடா எண்டும் பாக்கோணும், பெட்டரி வீக்காகி வந்த கோடுக்கு ஸ்டியரிங்கைக் கழட்டித் திரியிறதில அர்த்தமில்ல.

நம்மட ஊரில கூடுதலா வாறது சீட்டுக்குக் கீழ இருக்கிற எயார்பேக் வயரிட மஞ்சள் கனெக்டர். சீட் கவர் தைக்கிற இடத்தில சீட்டைக் கழட்டுவாங்க, கனெக்டரைப் பிடுங்கி விட்டுட்டு சாவியை ஓன் பண்ணி ரேடியோவும் கேப்பாங்க, அந்த நேரமே கோட் விழுந்திடும், திரும்பக் குத்தினாலும் சில வாகனத்தில ஸ்கேனரால அழிச்சாத்தான் லைட் போகும். அதுக்கும் மேல, சைட் எயார்பேக் சீட்டுக்குள்ள இருக்கிற வாகனத்துக்கு அந்தப் பக்கத்தையும் சேத்து இறுக்கித் தைச்சு விடுறாங்க, பை எங்கால வெளிய வாறது? அது தனிக் கதை.

இன்னொரு இடத்தில எல்லாரும் வழுக்கி விழுறாங்க. கோட் "ஷோர்ட்" எண்டு வரும், வயரை முழுக்க உரிச்சுப் பாத்தாலும் எங்கயும் முட்டியிருக்காது. மஞ்சள் கனெக்டருக்குள்ள ஒரு சின்னத் தகட்டு ஸ்பிரிங் இருக்கு, கழட்டின உடனே அது ரெண்டு பின்னையும் தானா ஒண்டாச் சேத்து விடும், கையில இருக்கிற ஸ்டாட்டிக் கரண்டுக்கு எயார்பேக் வெடிக்காம இருக்கத்தான் அந்த ஏற்பாடு. கனெக்டர் கடைசி வரைக்கும் போய் லொக் விழாட்டி அந்த ஸ்பிரிங் விலகாது, ஈசியுவுக்கு அது ஷோர்ட்டாத்தான் தெரியும். அதனால வயரை வெட்ட முதல் கனெக்டரை ஒருக்கா கழட்டி "டிக்" எண்டு சத்தம் கேக்கக் குத்திப் பாருங்க. ரெண்டாவது லொக் இருந்தா அதையும் அமத்துங்க.

அப்பிடியும் பிடிபடாட்டி, பெட்டரி மைனசைக் கழட்டிப் போட்டு காத்திருக்கோணும், டொயோட்டா 90 செக்கன் எண்டு சொல்லுது, ஹொண்டா 3 நிமிசம், என்னைக் கேட்டா ஒரு பிளேன் டீ குடிச்சிட்டு வாங்க, ஈசியுவுக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டர் பெட்டரி போனாலும் வெடிக்க வைக்கிறதுக்குத்தான் சார்ஜ் பிடிச்சு வச்சிருக்கு. பிறகு எயார்பேக்கைக் கழட்டி அந்த இடத்தில 2 ஓம்ஸ் கிட்ட ரெசிஸ்டர் ஒண்டைக் குத்தி, பெட்டரியைக் குடுத்துக் கோடை அழிச்சுப் பாருங்க. கோட் வரேல்லையா, பழுது எயார்பேக் பக்கம். திரும்ப வந்துதா, ஸ்பைரல் கேபிள் இல்லாட்டி வயர். எயார்பேக் பின்னில நேரா மல்டிமீட்டரை வச்சு ஓம்ஸ் பாக்க வேண்டாம் எண்டு கம்பனிக்காரங்க எல்லாரும் தடுத்துத்தான் வச்சிருக்காங்க. டெஸ்ட் லாம்ப் எண்டா கதையே வேற. ஸ்குவிப் (எயார்பேக்கைப் பத்த வைக்கிற சின்னத் திரி) வெடிக்க சுமார் 1.2 ஆம்பியர் 2 மில்லி செக்கனுக்குப் போனாக் காணும், 21 வாட் பல்ப் போட்ட டெஸ்ட் லாம்ப் அதை விடக் கூட இழுக்கும். முகத்துக்கு முன்னால வச்சுக்கொண்டு அந்த விளையாட்டு வேண்டாம்.

தண்ணி நிண்ட வாகனம் வேற. எயார்பேக் ஈசியு கியர் லீவருக்குக் கீழ, தரையோட ஒட்டித்தான் பூட்டியிருக்கும். 2016 மே மாசம் கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் நிண்ட வெள்ளத்தில ஊறின கார், 2025 கடைசியில டித்வா புயல் நேரம் களனி கங்கை பெருகி ஊறின கார், ரெண்டுக்கும் கார்பெட்டைத் தூக்கினா கனெக்டர் பின் பச்சை பிடிச்சு இருக்கும். காய வச்சு இன்டீரியர் கழுவி வாசத்துக்கு ஸ்பிரே அடிச்சு விக்கிற ஆக்களே, அந்தக் கார்பெட்டைத் தூக்கிக் காட்டி வில்லுங்க. சீட் பெல்ட் பக்கிள் எண்டா பிள்ளையள் நெல்லி கிரஷ் ஊத்தினதுதான் பாதிக் கேஸ், உள்ள இருக்கிற சுவிட்ச் ஒட்டிக்கொண்டு பெல்ட் போட்டாலும் போடேல்ல எண்டு சொல்லும். உடன ஆக்கள் பெட்டிக்கடையில விக்கிற வெறும் கிளிப்பை வாங்கிக் குத்தி பீப் சத்தத்தை நிப்பாட்டுறாங்க, அதை நம்ம கராஜ்களே கவுண்டரில வச்சு விக்கிறதுதான் பகிடி.

இப்ப அந்த ரெசிஸ்டருக்குத் திரும்ப வாறன், இந்த மடல் எழுதினதே அதுக்குத்தான். தேடுறதுக்குக் குத்துற அதே ரெசிஸ்டரை அப்பிடியே விட்டுட்டா லைட் அணைஞ்சிடும், ஸ்கேனருக்கும் எல்லாம் நல்லம் எண்டு தெரியும். அடிபட்டு எயார்பேக் வெடிச்ச காருக்கு டாஷ்போர்டை ஒட்டிப் பெயின்ட் அடிச்சு, ஸ்டியரிங் மூடிக்குள்ள ரெசிஸ்டர் வச்சு, ஈசியுவில இருக்கிற கிராஷ் டேட்டாவையும் புரோகிராமரால அழிச்சா அது "அடிபடாத கார்". 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிண்டு 2025ல திரும்பத் திறந்தும் வரியோட சேத்து விலை ஆகாசத்தில நிக்கிறதால, முந்தி உடைச்சு விக்கிற வாகனத்தையும் இப்ப நிமித்தி ரோட்டில விடுறாங்க, அது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். வாங்குற ஆள் ரெண்டு பிள்ளையளைப் பின்னால ஏத்திக்கொண்டு சதேர்ன் எக்ஸ்பிரஸ்வேயில நூறில போவான், நாம வச்ச ரெசிஸ்டர் அவனைப் பிடிக்குமா?

"பழசு ஒண்டைப் பூட்டி விடுவம் பாஸ்" எண்டு கேக்கிற ஆக்களும் இருக்கு. கழட்டின எயார்பேக்கில கூடுதலாப் பயப்பட வேண்டியது டகாட்டாவுக்கு. அந்தக் கம்பனி இன்ஃபிளேட்டருக்குள்ள (பையை ஊத வைக்கிற டப்பாவுக்குள்ள) போட்டது அமோனியம் நைட்ரேட், வெக்கையும் ஈரமும் வருசக்கணக்கா ஏறி இறங்கினா அது கெட்டு, வெடிக்கிற நேரம் இரும்புத் துண்டுகளை முகத்துக்கு வீசும். 2008ல ஹொண்டா பழுதான எயார்பேக்குக்காகக் காரைத் திரும்பக் கூப்பிடத் தொடங்கின ரீகோல் உலகம் முழுக்கப் பரவி 2017ல டகாட்டா வங்குரோத்தாகிப் போச்சு. வெக்கையும் ஈரமும் எண்டா கொழும்பு தவிர வேற எங்க? அந்தப் பழுது எந்த ஸ்கேனரிலயும் தெரியாது, ஸ்குவிப் 2 ஓம்ஸ் காட்டும், லைட்டும் போகும். ஜப்பான் கம்பனிகளிட வெப்சைட்டில சேஸி நம்பர அடிச்சா அந்தக் காருக்கு ரீகோல் இருக்கா எண்டு பாக்கலாம், ஜப்பான் மொழியில வந்தாலும் போனில மாத்திப் படிக்கலாம். ஆனா வேற காரில இருந்து கழட்டின எயார்பேக்குக்கு எந்தச் சேஸி நம்பர அடிக்கிறது?

அதனால நான் கேக்கிறது இதுதான். வேலைக்கு முதல் ஒருக்கா, முடிச்ச பிறகு ஒருக்கா எஸ்ஆர்எஸ் கோடை ஸ்கிரீன்ல போட்டோ எடுத்து கஸ்டமரிட வட்ஸ்அப்புக்கு அனுப்புங்க. திருத்த ஏலாட்டி, காசு இல்லாட்டி, லைட்டை அப்பிடியே பத்த விடுங்க, பில்லில "எயார்பேக் வேலை செய்யாது" எண்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்க. உள்ள ரெசிஸ்டர் இருக்கிற வாகனம் கையில வந்தா கழட்டிப் போட்டுட்டு சொந்தக்காரருக்கு உண்மையைச் சொல்லுங்க, அந்த ஆள் கத்துவார், கத்தட்டும்.

கார் வாங்கப் போற ஆக்களும் இதை வாசிச்சா, சாவியை ஓன் பண்ணி ஸ்டார்ட் பண்ணாம நில்லுங்க. எயார்பேக் லைட் வந்து கொஞ்ச செக்கன்ல (டொயோட்டா எண்டா ஆறு செக்கன் அளவில) தானாப் போகோணும், ஓயில் லைட், பெட்டரி லைட் அப்பிடியே நிக்கும். வரவே இல்லாட்டியும், மத்த லைட்டோட சேந்து போனாலும் விலை பேசாம இறங்குங்க. ரெசிஸ்டர் வச்சது இதில பிடிபடாது, அதுக்கு ஒக்ஷன் ஷீட்டில (ஜப்பான் ஏலத்தில காருக்குக் குடுக்கிற நிலைமைத் தாள்) கிரேட் R, அதாவது அடிபட்டுத் திருத்தினது எண்டு இருக்கா பாத்து, ஸ்டியரிங் மூடியைத் திறந்து பாக்கத் தெரிஞ்ச ஆளைக் கூட்டிக்கொண்டு போங்க.

எஸ்ஆர்எஸ் ஸ்கேனர் இல்லாத பாஸ்மார் வாகனத்தை என்னட்ட அனுப்புங்க, கோட் வாசிச்சுத் தர உங்களிட்ட காசு எடுக்க மாட்டன். கிழமை நாளில பின்னேரம் வந்தா நல்லம், சனிக்கிழமை தலை சொறியக்கூட நேரம் இல்ல.

இப்படிக்கு,
வெள்ளவத்தைப் பக்கம் வயரிங் வேலை பாக்கிற ஒருத்தன்