வேலையை அளந்து கிரெடிட் கொடுங்கள்

பாயிங்க் தளத்தில் அறிவியல் திட்டங்களை நடத்துவோருக்கு,

வணக்கம்.

என்னைப் போன்ற தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகள் பாயிங்க் மென்பொருள் வழியாக உங்கள் ஆராய்ச்சிக் கணக்கீடுகளைத் துண்டு துண்டாகச் செய்து தருகின்றன. முடித்த ஒவ்வொரு வேலைக்கும் நீங்கள் தரும் மதிப்பெண்தான் கிரெடிட். போன மாதம் ஒரு ராத்திரி என் கணக்குப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரே திட்டம், ஒரே தொகுப்பில் வந்த இரண்டு வேலைகள். இரண்டையும் முடித்தது என் மேசைக்கடியில் கிடக்கும் அதே கணினிதான். ஒன்று 3 மணி 50 நிமிடம் ஓடியது, மற்றது 3 மணி 54 நிமிடம். முதல் வேலைக்கு 71 கிரெடிட் விழுந்திருந்தது, இரண்டாவதற்கு 38. இரண்டுமே சரிபார்க்கப்பட்டு ஏற்கப்பட்ட விடைகள். ஏன் என்று விசாரித்தால், “சராசரியில் சரியாகிவிடும்” என்று பதில் வருகிறது. கூலி கேட்டுப் போனவரிடம் அடுத்த அறுவடையில் சரிசெய்துகொள்ளலாம் என்பதுபோல இருக்கிறது அது.

கிரெடிட் காசில்லை, கடையில் கொடுத்தால் ஒரு டீகூடக் கிடைக்காது. எனக்கும் தெரியும். ஆனால் மின்கட்டணம் எங்களுடையது, தேய்கிற விசிறி எங்களுடையது, ராத்திரி முழுக்க அறையில் ஏறும் சூடும் எங்களுடையது. அதற்கு ஈடாக நீங்கள் தருகிற ஒரே ரசீது அந்த எண். ரசீதாவது சரியாக இருக்க வேண்டாமா?

1999-இல், வேற்றுலக அறிவுயிர்களின் சமிக்ஞையைத் தேடும் செட்டி@ஹோம் திட்டம் தொடங்கியபோது கணக்கு எளிமையாக இருந்தது. ஒரு துண்டு முடித்தால் எண்ணிக்கையில் ஒன்று கூடும். ஒவ்வொரு துண்டும் வானொலித் தொலைநோக்கி பதிவுசெய்த ஏறத்தாழ 107 நொடிச் சமிக்ஞை என்பதால் அது பொருந்தியது. எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டுப் போலி விடை அனுப்பியவர்களும் இருந்தார்கள். அப்புறம் பாயிங்க் வந்தது. பல திட்டங்கள், பல அளவு வேலைகள் என்றானதும் பொதுவான ஒரு படி தேவைப்பட்டது. செட்டி குழுவின் ஜெஃப் காப் பெயரால் அதற்குக் காப்பிள்ஸ்டோன் என்று பெயர் வைத்தார்கள். நாம் கிரெடிட் என்று சொல்வது அதைத்தான். நொடிக்கு 100 கோடிக் கணக்கு போடும் கணினி ஒரு நாள் முழுக்க ஓடினால் 200 கிரெடிட் என்பது இன்றைய அளவு.

படி நல்ல படிதான். அளக்கிற விதத்தில்தான் கோளாறு. முதலில் கணினியின் வேகச் சோதனை எண்ணை ஓடிய நேரத்தால் பெருக்கி, எங்கள் கணினியே இவ்வளவு வேண்டும் என்று கேட்டது. சோதனை எண்ணை ஊதிக்காட்டும் மாற்று மென்பொருள்கள் வந்ததும் அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. ஒரே வேலையைச் செய்த மூன்று பேரின் கணினிகள் மூன்று விதமாகக் கேட்டால் மேலும் கீழும் உள்ளதைத் தள்ளிவிட்டு நடுவில் உள்ளதைக் கொடுத்துச் சமாளித்தார்கள். 2010-இல் கிரெடிட்நியூ என்ற புதிய கணக்கிடும் முறை வந்தது. எந்தக் கணினியில் செய்தாலும் அதே வேலைக்கு அதே கிரெடிட், எந்தத் திட்டத்தில் உழைத்தாலும் ஏறத்தாழ அதே வரவு என்பதுதான் அதன் நோக்கம். நோக்கத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் செயல்பாடு? கணினியின் உச்ச வேகத்தையும் ஓடிய நேரத்தையும் எடுத்துக்கொண்டு, மென்பொருளின் ஒவ்வொரு பதிப்பின் சராசரியோடும், ஒவ்வொரு கணினியின் பழைய சராசரியோடும் வகுத்துச் சமன் செய்கிறது. புதிய பதிப்பு வந்தால் போதுமான மாதிரி சேரும்வரை எண்கள் தள்ளாடும். என்னோடு அதே வேலையைச் செய்த இன்னொருவரின் கணினியைப் பொறுத்தும் என் கிரெடிட் மாறும். மொத்தத்தில் வேலையை அளக்காமல், வேலை செய்த கணினிகளையே சுற்றிச் சுற்றி அளக்கிறது.

வேலையின் அளவு உங்களுக்குத்தான் தெரியுமே! அதை வெட்டி அனுப்புவதே நீங்கள்தான். எவ்வளவு கணக்கு பிடிக்கும் என்ற மதிப்பீட்டையும் வேலையோடு சேர்த்துத்தான் அனுப்புகிறீர்கள். ஈர்ப்பலைகளையும் பல்சார் எனப்படும், வேகமாகச் சுழன்று துடிக்கும் விண்மீன்களையும் தேடும் ஐன்ஸ்டைன்@ஹோம் பல ஆண்டுகளாக இந்த வகை வேலைக்கு இவ்வளவு என்று நிலையாகக் கொடுத்துவருகிறது. பழைய மடிக்கணினி இரண்டு நாள் எடுத்தாலும், புது கிராபிக்ஸ் கார்டு அரை மணியில் முடித்தாலும் வேலை ஒன்றுதான், கிரெடிட்டும் ஒன்றுதான். அதே திட்டம் 2010-இல் தன் முதல் ரேடியோ பல்சாரைக் கண்டுபிடித்தபோது, அந்தச் சமிக்ஞையைப் பிடித்த அமெரிக்க, ஜெர்மானியத் தன்னார்வலர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டியது. யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்ற கணக்கை ஒழுங்காக வைத்திருந்ததால் அது முடிந்தது.

எல்லா வேலையும் ஒரே அச்சில் வராது என்பதும் உண்மை. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ரொசெட்டா திட்டத்தில் ஒருவர் எத்தனை புரத மாதிரிகள் உருவாக்குவார் என்பது முன்கூட்டித் தெரியாது. அங்கே மாதிரிக்கு இவ்வளவு என்று கொடுக்கலாம். வாரக்கணக்கில் ஓடும் பருவநிலை மாதிரிகளுக்கு கிளைமேட்பிரடிக்‌ஷன் திட்டம் இடையிடையே, முடிந்த அளவுக்கு கிரெடிட் தருகிறது. பாதியில் கரண்ட் போய் வேலை கெட்டாலும் அதுவரையிலான உழைப்பு வீண்போகாது. நீண்ட வேலை தருகிற மற்றவர்களும் இதைச் செய்யுங்கள். பாயிங்குக்கு வெளியே, புரதங்கள் மடியும் விதத்தை ஆராயும் ஃபோல்டிங்@ஹோம் சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் போனஸ் தருகிறது. ஒரு விடை வந்தால்தான் அதன் தொடர்ச்சியை அடுத்தவருக்கு அனுப்ப முடியும் என்பதால் அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. காரணத்தையும் விதியையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் ராத்திரி மட்டும் கணினி ஓட்டுகிற என்னைப் போன்றவர்களும் ஏற்றுக்கொள்வோம்.

இன்னொன்று, கிரெடிட்டை ஆள்பிடிக்கும் தூண்டிலாக்காதீர்கள். ஒரு திட்டம் வாரி வழங்கினால் பெரிய பெரிய கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் அங்கே போகிறார்கள். தாராளம் காட்ட முடியாத நல்ல ஆராய்ச்சி ஆளில்லாமல் காத்துக்கிடக்கிறது. எல்லாத் திட்டங்களின் எண்ணையும் கூட்டி ஒரே பட்டியலில் ரேங்க் போடும் வழக்கம் இதை இன்னும் மோசமாக்குகிறது. உங்கள் திட்டத்துக்குள் என் பங்கு எவ்வளவு என்று சதவீதமாகக் காட்டினாலே எனக்குப் போதும்.

ஆகவே கேட்பது இதுதான். வேலை என் கணினிக்கு வரும்போதே அதன் கிரெடிட் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கட்டும். விடை சரியென்றால் அதே எண் என் கணக்கில் ஏறட்டும். அப்புறம், முடிந்த வேலைகளின் விவரத்தைச் சில நாளிலேயே பக்கத்திலிருந்து நீக்கிவிடாதீர்கள். அந்த 71-ஐயும் 38-ஐயும் மறுபடி ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று மூன்று நாள் கழித்துப் போனேன், இரண்டு வரிகளும் அங்கே இல்லை. ஒரு மாதமாவது வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தன்னார்வலர்களில் ஒருவன்