ஒன்றியத்துக்கு ஓர் இசை அறை: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம். நான் இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். உங்களிடம் கேட்க ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. நம் மாவட்டத்தின் ஒன்பது ஊராட்சி ஒன்றியங்களிலும், ஒன்றியத்துக்கு ஓர் அரசுப் பள்ளி வீதம், பள்ளி விட்ட பிறகு இசை சொல்லித்தரும் ஓர் அறையைத் திறந்து கொடுங்கள். கட்டணம் வாங்க வேண்டாம். தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சலிக்க வேண்டாம். எந்தக் கோயில், எந்தச் சபை, எந்தத் தெரு என்று யாரும் கேட்க வேண்டாம். வாத்தியம் அங்கேயே இருக்கட்டும், ஆசிரியர் சம்பளத்தோடு வரட்டும், பிள்ளைகள் வந்து கற்றுக்கொள்ளட்டும்.

இசை இல்லாத ஊர் என்று இந்த மாவட்டத்தில் ஒன்றைக் காட்டுவது கஷ்டம். கோயில் கொடைத் திருவிழா தொடங்கிவிட்டால் நாஞ்சில் நாட்டில் இரவெல்லாம் வில்லுப்பாட்டு. சுடலைமாடன் கதையும் இசக்கியம்மன் கதையும் கேட்டுக்கொண்டே தூங்கிப்போன பிள்ளைகள்தான் நாங்கள் எல்லோரும். கடற்கரையில் பங்குத் திருவிழா என்றால் பேண்ட் செட். டிசம்பர் வந்துவிட்டால் வீடு வீடாகப் பாடிப்போகும் கேரல் ரவுண்ட்ஸ். மேற்கே விளவங்கோடு பக்கம் போனால் செண்டையும் சிங்காரி மேளமும். பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடி மக்கள் கொக்கரை என்ற இரும்பு வாத்தியத்தை உரசிப் பாடுகிற பாட்டு வேறு. வலை இழுக்கிறவர்கள் பாடிய அம்பா பாட்டு இன்னும் சில பெரியவர்கள் வாயில் இருக்கிறது. வடிவீசுவரத்தில் பிறந்து பத்மநாபபுரத்தில் வாழ்ந்த நீலகண்ட சிவனின் கீர்த்தனைகளைச் சென்னை சபாக்களில் இன்றும் பாடுகிறார்கள். சுசீந்திரம் கோயிலில் இசைத் தூண்களைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்து நிற்கிறார்கள்.

கேட்பதற்குக் காசு வேண்டாம். கற்பதற்கு வேண்டும். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கீபோர்டு வகுப்பில் சேர்த்தால் மாதா மாதம் கட்டணம், வீட்டில் பழக ஒரு கீபோர்டு, அப்புறம் கிரேடு பரீட்சைக்குத் தனியாகப் பணம். ரப்பர் வெட்டுகிற வீட்டிலும் முந்திரி ஆலைக்குப் போகிற வீட்டிலும் இந்தக் கணக்கு முதல் வரியிலேயே நின்றுவிடும். இன்னொரு வழி, கோயிலோ கிறிஸ்தவ ஆலயமோ. பல ஆலயங்களின் பாடகர் குழுக்கள் பிள்ளைகளுக்குக் கீபோர்டும் கிடாரும் நன்றாகவே சொல்லித் தருகின்றன. கோயில்களை ஒட்டி மேளம் பழகுகிற பையன்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. பல ஊர்களில் இசையைக் காப்பாற்றி வைத்திருப்பதே அவர்கள்தான். ஆனால் ஆலயத்தில் கற்றுத்தருவது அந்தச் சபைப் பிள்ளைகளுக்கு, கோயிலில் கற்றுத்தருவது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு. இரண்டிலும் சேராத பிள்ளை வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகிறது. மேளத்தைப் பொறுத்தவரை, பெண் பிள்ளைகள் அந்த வாசல் வரைகூடப் போவதில்லை.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாப் போட்டிகள் நடக்கின்றன. நல்ல காரியம். அதை ஒட்டி நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். போட்டிக்கு முந்தின வாரம் ஒரு பள்ளியில் சக ஆசிரியை ஒருவர் தன் மகளின் பழைய கீபோர்டை வீட்டிலிருந்து கொண்டுவந்தார். வெள்ளைக் கட்டைகளின் மேல் பிளாஸ்திரி துண்டுகளை ஒட்டி, நீலப் பேனாவால் ச, ரி, க, ம என்று எழுதியிருந்தது. மதிய உணவு மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டைக் கழுவிவிட்டு ஓடிவந்து வரிசை கட்டினார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் முறை வராதபோதும் பக்கத்திலேயே நின்று, வாசிக்கிறவளின் விரல்களைப் பார்த்துத் தன் பாவாடையின் மேல் விரல்களை நகர்த்திக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்தபோது பிழையில்லாமல் வாசித்தாள். "வீட்டுல ஒண்ணு இருந்துச்சுன்னா நான் முழுசும் படிச்சிருவேன் டீச்சர்" என்றாள். போட்டி முடிந்ததும் அந்தக் கீபோர்டு, கொண்டுவந்த ஆசிரியையின் வீட்டுக்கே திரும்பிப் போனது. போட்டிக்காகப் பழகுகிற அந்த ஒரு வாரம்தான் நம் பிள்ளைகளில் பலருக்குக் கிடைக்கிற மொத்த இசைக் கல்வியும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாட்டும் நடனமும் ஓவியமும் சொல்லித் தருகின்றன. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. அவை மூன்றாண்டு முழுநேரப் படிப்பு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பொருந்தாது. மாவட்டத்துக்கு ஒன்று என்று நாகர்கோவிலில் எது நடந்தாலும் மேற்குக் கடலோர நீரோடியில் இருக்கிற பிள்ளைக்கும் மலைமேல் கோதையாறில் இருக்கிற பிள்ளைக்கும் அது எட்டாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் உட்கார்ந்து வந்து ஒரு மணி நேரம் கற்றுவிட்டுத் திரும்பிப் போகிற பிள்ளைக்குக் கூடவே ஒரு பெரியவர் வர வேண்டும். அந்தப் பெரியவரின் அன்றைய கூலி போய்விடும். 2012-இல் பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தபோது அதில் இசையும் ஒரு பாடமாக இருந்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். அந்தச் சம்பளத்தில் அவர்கள் நின்று வேலை பார்த்ததே பெரிது. ஆனால் பள்ளி நேரத்துக்குள் இசை என்றால், பரீட்சை நெருங்கும்போது முதலில் பறிபோவது அந்தப் பாடவேளைதான். கணக்குக்கும் அறிவியலுக்கும் இசை வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்ட ஆசிரியர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

பள்ளி விட்ட பிறகு என்று நான் கேட்பது அதனால்தான். அந்த நேரத்தை யாரும் கடன் கேட்க மாட்டார்கள்.

இது நடக்காத காரியமும் இல்லை. 2021-இல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது, மாலை நேரத்தில் பிள்ளைகளின் வீட்டுப் பக்கத்திலேயே தன்னார்வலர்கள் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். பள்ளி முடிந்தபின் பிள்ளைகள் வருவார்களா என்ற கேள்விக்கு அப்போதே பதில் கிடைத்துவிட்டது. பக்கத்தில் இருந்தால், காசு கேட்காவிட்டால், வருவார்கள். வெனிசுலாவில் 1975-இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்தேமா இதே வழியில்தான் வளர்ந்தது: பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மையம், பள்ளி முடிந்ததும் பயிற்சி, கையில் கொடுக்க வாத்தியம், கட்டணம் கிடையாது. ஏழைக் குடியிருப்புகளின் பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கும் இசைக்குழுக்கள் அப்படித்தான் அங்கே உருவாயின.

சொல்லித்தர ஆள் வேண்டுமே என்று கேட்பீர்கள். ஆள் இங்கேயே இருக்கிறார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் அமைந்தது. அதில் பதிந்திருக்கும் நம் மாவட்டத்துக் கலைஞர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். வில்லுப்பாட்டுக்காரர்களுக்குக் கொடை மாதங்கள் போனால் மீதி மாதங்களில் மேடை குறைவு. வெவ்வேறு வேலைகளுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் எவ்வளவு படிப்பு இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. வில்லில் கட்டிய மணிகளை வீசுகோலால் எழுப்பியபடியே குழுத் தலைவரான அண்ணாவி பாட வேண்டும். குடம் அடிக்கிறவர் அதே தாளத்தை விடாமல் பிடிக்க வேண்டும். உடுக்கைக்காரர் விரல் அழுத்தத்தில் ஒலியை ஏற்றி இறக்க வேண்டும். பக்கப்பாட்டுக்காரர் அண்ணாவி விட்ட இடத்தில் சரியாக வாங்கிப் பாட வேண்டும். கதையை மனப்பாடமாக வைத்திருந்தால் மட்டும் போதாது. கூட்டம் சோர்ந்தால் அந்த இடத்திலேயே பேச்சை மாற்றத் தெரிய வேண்டும். தாளம், சுருதி, மொழி, மேடை, கூட்டு வேலை எல்லாம் இதில் ஒன்றாக வருகிறது. தமிழாசிரியையாகச் சொல்கிறேன், என் வகுப்பில் வில்லுப்பாட்டு வீட்டிலிருந்து வந்த பையன்கள் செய்யுளை ஓசை பிசகாமல் வாசித்தார்கள்.

ஒழுகினசேரியின் ஏழை வீட்டுப் பிள்ளையான என்.எஸ். கிருஷ்ணன், 1908-இல் பிறந்தவர், வில்லுப்பாட்டைத் தமிழ்நாட்டு மேடைகளுக்கெல்லாம் கொண்டுபோனார். நாடகக் கம்பெனியில் சேர்ந்ததால் அவருக்கு மேடை கிடைத்தது. காசில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் கம்பெனிகள்தான் பாட்டுப் பள்ளிக்கூடம். அங்கே பிள்ளைகள் பட்ட கஷ்டமும் கொஞ்சமல்ல, அது திரும்பி வர வேண்டாம். ஆனால் அதற்குப் பதிலாக நாம் எதையும் வைக்கவில்லை.

வில்லுப்பாட்டோடு நிற்க வேண்டாம். வாய்ப்பாட்டு, கீபோர்டு, வயலின், மிருதங்கம், செண்டை என்று அந்தந்த ஒன்றியத்தில் யார் கிடைக்கிறார்களோ அதைக்கொண்டு தொடங்கலாம். முஞ்சிறையில் நல்ல பேண்ட் வாத்தியார் கிடைத்தால் அங்கே டிரம்பெட்டும் கிளாரினெட்டும் இருக்கட்டும். திருவட்டாறில் காணிப் பெரியவர் ஒருவர் வந்து கொக்கரை சொல்லித் தருவார் என்றால் அதைவிடச் சிறப்பு எது? யாராக இருந்தாலும் மதிப்பூதியம் மாதம் தவறாமல் வர வேண்டும். கலைஞர்களைச் சேவைக்கு அழைப்பது நம்மிடம் பழகிப்போன ஒரு கெட்ட வழக்கம். சால்வை போட்டு அனுப்பினால் அடுப்பு எரியாது.

வாத்தியங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் படுத்துவிடுகின்றன. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் அறை பீரோவுக்குள் ஓர் ஆர்மோனியம் இருந்தது. இருப்புப் பதிவேட்டில் அது பத்திரமாக இருந்தது. திறந்து பார்த்தபோது துருத்தியைக் கரையான் அரித்திருந்தது. உடைந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் யாரும் அதை வெளியே எடுத்ததே இல்லை. ஆகவே உடைவது, கிழிவது, அறுவது எல்லாம் இயல்பு என்று உத்தரவிலேயே எழுதிவிடுங்கள். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஈரக் காற்றில் தோல் தளரும். மிருதங்கத்தின் சுருதி இறங்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும். வாங்குவதற்கு ஒரு தடவை பணம் ஒதுக்கிவிட்டுக் கைகழுவினால் இரண்டாம் வருடம் மிருதங்கத்துக்குத் தோல் மாற்றி மூட்டுக்கட்ட ஆளிருக்காது, கம்பி மாற்றக் காசிருக்காது. பழுது பார்ப்பதற்கென்று வருடா வருடம் ஒரு தொகை வேண்டும். அப்புறம், நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல வாத்தியத்தைக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போக வழி வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தொடுகிற வயலின் யாருக்கும் வசப்படாது. தொடக்க நிலை வயலின் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது ஒரு பிள்ளையிடம் தொலைந்தே போனாலும் அரசுக்குத் தாங்கக்கூடிய நஷ்டம்தான்.

அறை தரைத்தளத்தில் இருக்க வேண்டும், சாய்தளத்தோடு. சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளை மாடிப்படியைப் பார்த்துத் திரும்பிப் போகக்கூடாது. பார்வையில்லாத பிள்ளைகள் காதால் கேட்டே கற்றுக்கொள்வார்கள். எழுதிப் படித்தால்தான் பாடம் என்ற கட்டாயம் வேண்டாம். நேரம் நாலே முக்காலிலிருந்து ஆறு மணிக்குள் முடியட்டும், டிசம்பரில் அதற்குமேல் இருட்டிவிடும். மாணவர்களின் இலவசப் பேருந்து அட்டை அந்த மாலைப் பேருந்துக்கும் செல்லும் என்று போக்குவரத்துக் கழகத்திடம் ஒரு வார்த்தை வாங்கிவிடுங்கள். வகுப்பு நடக்கிற நேரம் முழுவதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால்தான் அம்மாமார்கள் பெண் பிள்ளைகளை அனுப்புவார்கள்.

பெற்றோர் தரப்பில் ஒரு கேள்வி வரும், எனக்குத் தெரியும். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. இங்கே மார்க்குதான் பேச்சு. பத்தாம் வகுப்பில் பாட்டு எதற்கு என்பார்கள். இசை கற்றால் கணக்கில் மார்க் கூடும் என்று சிலர் பதில் சொல்வதுண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மார்க் கூடாவிட்டாலும் பிள்ளைக்கு இசை வேண்டும். சோற்றுக்கும் விளையாட்டுக்கும் காரணம் கேட்கிறோமா?

கடைசியாக, கொஞ்சம் தயக்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன். 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவ மோதல் நம் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதை விசாரிக்க நீதிபதி வேணுகோபால் ஆணையம் வந்தது, அறிக்கை வந்தது. ஊர்கள் மெல்லத் தேறின. ஆனால் அதற்குப் பிறகு நம் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து உட்காரும் இடங்கள் கூடின என்று என்னால் சொல்ல முடியவில்லை. பள்ளி மணி அடித்ததும் அவரவர் டியூஷன், அவரவர் கோயில், அவரவர் ஆலயம். ஒரு சேர்ந்திசையில் கடற்கரைப் பிள்ளையும் மலையோரப் பிள்ளையும் பக்கத்தில் நின்று பாடினால், ஒருவர் குரலை மற்றவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் பாட்டு குலைந்துவிடும். அரசுப் பள்ளியில், அரசு செலவில் இந்த அறை இருக்க வேண்டும் என்று நான் அழுத்திக் கேட்பதற்குப் பெரிய காரணம் இதுதான். இந்த வேலையை எந்தக் கோயிலும் எந்த ஆலயமும் தனியாகச் செய்துவிட முடியாது.

ஒன்பதையும் ஒரே நாளில் திறக்க முடியாது என்றால் முஞ்சிறையிலும் திருவட்டாறிலும் தொடங்குங்கள். நாகர்கோவிலுக்குத் தூரமான பக்கம் அதுதான், வேறு வழியில்லாத பிள்ளைகள் அங்கேதான் அதிகம். ஜூனில் பள்ளி திறக்கும்போது அறையும் திறந்திருக்க வேண்டுமென்றால் ஆசிரியர் தேர்வு பிப்ரவரிக்குள் முடிய வேண்டும். ஒன்றிய அளவில் கலைஞர்களையும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போடுங்கள். எங்களைப் போல ஓய்வுபெற்றவர்கள் பலர், அந்த இரண்டு பெரியவர்களில் ஒருவராக மாலையில் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம். எந்த நாள், எந்தப் பள்ளி என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்