தலைமைப் பொறுப்பு எட்டும் முன்பே முடிந்துபோகும் விமானிப் பணி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்திய விமானப்படையில் விமானியாகச் சேர்வது எப்படி என்று தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தேர்வு முறை, வயது வரம்பு, கண்பார்வைத் தகுதி, துண்டிகல் விமானப்படை அகாடமியில் பெறும் பயிற்சி ஆகிய அனைத்தையும் தெளிவாக எழுதிய கட்டுரையாளர், சேர்ந்த பிறகு ஒரு விமானி எப்போது, எந்த வழியில் தலைமைப் பொறுப்புக்கு வருகிறார் என்பதை மட்டும் தொடவே இல்லை. ஹெலிகாப்டர் விமானியாக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் இளைஞர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த விடுபட்ட பகுதியைத்தான் என்று உறுதியாகக் கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பதவிப் பெயர்களே பலரைக் குழப்புகின்றன. ஸ்குவாட்ரன் லீடர் என்றவுடன் ஒரு ஸ்குவாட்ரனுக்கு, அதாவது ஒரு விமானப் பிரிவுக்கு, தலைவர் என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள்; உண்மையில் ஸ்குவாட்ரனை நடத்துபவர் விங் கமாண்டர் அல்லது குரூப் கேப்டன் நிலையிலுள்ள கமாண்டிங் ஆபீசர். அதிகாரிகளின் பதவி உயர்வை ஆராய்ந்த ஏ.வி. சிங் குழுவின் பரிந்துரைகள் 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, பணியில் சேர்ந்த 2 ஆண்டில் ஃப்ளைட் லெப்டினன்ட், 6 ஆண்டில் ஸ்குவாட்ரன் லீடர், 13 ஆண்டில் விங் கமாண்டர் என்று, உரிய தேர்வுகளில் தேறிய அதிகாரிக்குப் பதவிகள் காலக்கணக்கில் வந்துவிடுகின்றன. கமாண்டிங் ஆபீசர் நாற்காலி அப்படி வருவதில்லை. ஆண்டுதோறும் எழுதப்படும் இரகசியக் குறிப்புகள், பறப்புத் தரம், முன்பு வகித்த பொறுப்புகள் ஆகியவற்றை எடைபோட்டுத் தேர்ந்தெடுத்த சிலருக்கே அது கிடைக்கிறது. கிடைத்தாலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குத்தான்.

அந்த நாற்காலிக்கான பயிற்சி, விமானி அறைக்குள் முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. ஹெலிகாப்டரிலும் போக்குவரத்து விமானத்திலும் துணை விமானியாக அமர்பவர் கேப்டனாக உயர வேண்டும். போர் விமானத்தில், பிறர் பின்னால் பறப்பவர் முதலில் இரண்டு விமானங்களுக்கும் பிறகு நான்கு விமானங்களுக்கும் தலைமை தாங்கத் தகுதி பெற வேண்டும். சிலர் தாம்பரத்திலுள்ள பறப்புப் பயிற்றுநர் பள்ளிக்குச் சென்று, தாம் கற்றதைப் பிறருக்குக் கற்பிக்கும் கலையைக் கற்று வருகிறார்கள். ஆனால் தலைமை என்பதன் முழு எடையையும் ஒருவர் முதலில் உணர்வது ஃப்ளைட் கமாண்டர் ஆகும்போதுதான். அன்றாடப் பறப்பை வகுப்பவர் அவர்; எந்த விமானி எந்த விமானத்தில் எங்கே போகலாம் என்று பறப்பு அனுமதிப் பதிவேட்டில் கையெழுத்திடுபவரும் அவரே. அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்த விமானமும் கிளம்பாது.

அந்தக் கையெழுத்தின் பொருள் எனக்குப் புரிந்தது வடக்கே ஒரு மலைப்பகுதி யூனிட்டில், நான் கேப்டனாகித் தேறிய முதல் ஆண்டில். உயரமான ராணுவக் காவல்நிலை ஒன்றில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறிய ஒரு ஜவானை இறக்கிக் கொண்டுவர வேண்டும் என்று காலையிலேயே செய்தி வந்துவிட்டது. சீட்டா ஹெலிகாப்டர் தயாராக நின்றது. நானும் துணை விமானியும் வரைபடத்தை மடித்து முழங்கால் பையில் செருகிவிட்டோம். பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்த எங்கள் ஃப்ளைட் கமாண்டர், சன்னல் வழியே பள்ளத்தாக்கில் ஏறி வந்த மேகத்தைப் பார்த்துவிட்டு, பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "இருபது நிமிடம் பொறுப்போம்" என்றார். காவல்நிலையிலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. இரண்டு முறையும் அவரே எடுத்து, அதே நிதானமான குரலில் பதில் சொன்னார். மேகம் விலகிய இடைவெளியில் கையெழுத்திட்டு எங்களை அனுப்பினார். என்னைவிட இருமடங்கு பறப்பு அனுபவம் உள்ளவர், தாமே போயிருக்கலாம். நாங்கள் ஜவானோடு திரும்பி இறங்கும் வரை அவர் ரேடியோ அருகிலிருந்து எழவில்லை என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். ஆண்டுகள் கழித்து அதே நாற்காலியில் அமர்ந்து அதே போன்ற பதிவேட்டில் கையெழுத்திட்டபோது, பறந்த நாட்களில் ஒருபோதும் வியர்க்காத என் உள்ளங்கை வியர்த்தது.

இவ்வளவு நீண்ட பழக்கத்துக்குப் பிறகே ஒருவர் ஸ்குவாட்ரனை ஏற்று நடத்தும் பக்குவத்தை அடைகிறார். அதற்குள் அவருக்கு நாற்பது வயது நெருங்கிவிடுகிறது. என் கவலை தொடங்கும் இடமும் இதுவே. விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வான ஏ.எஃப்.கேட் வழியாகக் குறுகியகாலப் பணியில் சேரும் விமானிகளுக்கு, இப்போதைய அறிவிப்பின்படி, பணிக்காலம் 14 ஆண்டுகள், அது நீட்டிக்கப்படாது. விங் கமாண்டர் பதவி 13 ஆண்டில் வருகிறது. ஸ்குவாட்ரன் தலைமை அதற்கும் சில ஆண்டுகள் கழித்தே வருகிறது. அதாவது, தலைமைக்காக ஆண்டுக்கணக்கில் பழக்கப்பட்ட ஓர் அதிகாரி, அந்தத் தலைமை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வெளியேறிவிடுகிறார்.

இதைக் குரூப் கேப்டன் ஷாலிஸா தாமியின் பணிவாழ்க்கையோடு வைத்துப் பார்த்தால் இழப்பின் அளவு விளங்கும். 2003-இல் ஹெலிகாப்டர் விமானியாகப் பணியில் சேர்ந்த அவர், 2019-இல் டெல்லிக்கு அருகிலுள்ள ஹிண்டன் தளத்தில் சேதக் ஹெலிகாப்டர் பிரிவின் ஃப்ளைட் கமாண்டர் ஆனார். இந்திய விமானப்படையில் பறக்கும் யூனிட் ஒன்றில் அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவர். 2023-இல் மேற்கு எல்லைப் பகுதியில் ஓர் ஏவுகணை யூனிட்டின் தலைமையை ஏற்று, முன்னணிப் போர் யூனிட் ஒன்றை வழிநடத்தும் முதல் பெண் என்ற இடத்தையும் பெற்றார். பறப்புப் பிரிவின் பெண் அதிகாரிகளில் நிரந்தரப் பணி ஆணை பெற்ற முதல்வரும் அவரே. அந்த ஆணை கிடைக்காமல் 14 ஆண்டில் அவர் பணி முடிந்திருந்தால், 2017-லேயே சீருடையைக் கழற்றியிருப்பார். 2019-ம் வந்திருக்காது, 2023-ம் வந்திருக்காது.

2016 ஜூனில் பணியில் சேர்ந்த முதல் மூன்று பெண் போர் விமானிகளுக்கும் இந்த 14 ஆண்டுக் கணக்கே பொருந்துமானால், 2030-இல் அவர்கள் காலம் முடிந்துவிடும். அவர்களுக்குப் பின்னர் திறந்த கதவு வேறு: 2022-இல் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்த முதல் பெண்கள் அணி, 17 பேர், 2025 மே மாதம் தேறி வெளிவந்தது. அவர்களில் பறப்புப் பிரிவுக்குச் செல்பவர்கள் நிரந்தரப் பணியில் இருப்பார்கள் என்பதால் தலைமைக்கான வழி அவர்களுக்கு அடைபடவில்லை. ஆனாலும் அவர்கள் அந்த நிலைக்கு வருவது 2040-களில்தான். அதுவரை இடைப்பட்ட தலைமுறையை என்ன செய்யப்போகிறோம்? தரைப்படையில் பெண்களுக்குத் தலைமைப் பொறுப்பை அடியோடு மறுப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 17 அன்று தீர்ப்பளித்தது. பாலின அடிப்படையில் ஒருவரைத் தடுக்கக் கூடாது என்றால், எந்தத் தேர்வு வழியாக நுழைந்தார் என்ற ஒன்றை மட்டும் வைத்து, ஆணோ பெண்ணோ, தகுதியுள்ளவரைத் தடுப்பதும் முறையாகத் தோன்றவில்லை.

படைக்கு இளம் விமானிகள் தேவை, எல்லோரும் கமாண்டிங் ஆபீசர் ஆக முடியாது என்ற வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். மேலே செல்லச் செல்ல இடம் குறுகுவது எந்தப் படையிலும் இயல்பு. ஆனால் நம் நாட்டில் அந்த இடம் இயல்புக்கு மீறிக் குறுகி வருகிறது. அனுமதிக்கப்பட்ட போர் விமான ஸ்குவாட்ரன்கள் 42. மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற பிறகு இருப்பவை 29. ஸ்குவாட்ரன்கள் குறைவதைப் பாதுகாப்புக் குறைபாடாக மட்டுமே பேசுகிறோம். குறையும் ஒவ்வொரு ஸ்குவாட்ரனோடும் ஒரு கமாண்டிங் ஆபீசர் பொறுப்பும், அவருக்குக் கீழே ஃப்ளைட் கமாண்டர் பொறுப்புகளும் மறைகின்றன என்பதையும், நாளைய ஏர் மார்ஷல்கள் தலைமையைப் பழகிக்கொள்ளும் களம் சுருங்குகிறது என்பதையும் யாரும் சொல்வதில்லை. 1944-இல் இம்பால் போர்முனையில் அர்ஜன் சிங் முதலாவது ஸ்குவாட்ரனை வழிநடத்தியபோது அவருக்கு வயது 25. இருபது ஆண்டுகள் கழித்து அவர் விமானப்படைத் தளபதியானார். போர்க்காலத்தின் அவசரம் இன்று இல்லை என்றாலும், இளமையில் கிடைத்த பொறுப்பு ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு அவரே சான்று.

ஹெலிகாப்டர், போக்குவரத்து விமானிகளுக்கு மேல்மட்டம் எட்டாது என்ற எண்ணமும் இளைஞர்களிடையே பரவலாக உள்ளது. அது முழுவதும் சரியன்று. ஃபாலி ஹோமி மேஜர் 2007-இல் தளபதியானபோது, அப்பொறுப்பை ஏற்ற முதல் ஹெலிகாப்டர் விமானி என்ற பெயர் பெற்றார். 2022-இல் அறிவிக்கப்பட்ட ஆயுத அமைப்புகள் பிரிவின் வழியாக, ஏவுகணை, ஆளில்லா விமானம் ஆகியவற்றைக் கையாளும் யூனிட்களிலும் புதிய தலைமைப் பொறுப்புகள் உருவாகி வருகின்றன. விமானி அறைக்கு வெளியே ஏற்கும் தலைமையை இரண்டாந்தரமாக நினைக்கும் வழக்கம் என் காலத்தில் எங்களிடம் இருந்தது. அது தவறு என்பதை இப்போது வெளிப்படையாகவே சொல்கிறேன்.

ஆகவே பாதுகாப்பு அமைச்சகத்துக்குத் தங்கள் வழியாக ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். குறுகியகாலப் பணியிலுள்ள விமானிகளைப் பன்னிரண்டாம் ஆண்டில் ஒரு தேர்வுக் குழு பரிசீலித்து, ஃப்ளைட் கமாண்டர் பொறுப்புக்கும் அதற்கு மேலும் தகுதியானவர்கள் என்று கண்டறியும் ஒரு சிறு பகுதியினருக்காவது நிரந்தரப் பணி வழங்க வேண்டும். எத்தனை இடங்கள் என்பதைப் படையின் தேவையே முடிவு செய்யட்டும். கதவு ஒன்று இருக்கிறது என்பது விண்ணப்பிக்கும் நாளிலேயே அந்த இளைஞருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. அடுத்த முறை இத்தகைய வழிகாட்டிக் கட்டுரை வெளியிடும்போது, எந்தத் தேர்வின் வழியாகச் சேர்ந்தால் நிரந்தரப் பணி, எதன் வழியாகச் சேர்ந்தால் 14 ஆண்டுகள் மட்டும் என்ற விவரத்தைச் சம்பள விவரத்துக்கு மேலே அச்சிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வை எழுதும் வயதைக் கடந்துவிட்ட பிறகே இந்த வேறுபாட்டை அறிகிறார்கள் என்பதை, என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் பிள்ளைகளிடம் மீண்டும் மீண்டும் பார்த்துவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர்