செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம். சிங்கப்பூர்க் கட்டுமானத் துறையில் பணியாற்றும் தமிழர்களான நம் சங்கத்தின் ஓராண்டு நடவடிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

பொங்கல் ஒன்றுகூடல் வழக்கம்போல் நடந்தது. ரத்த தான முகாமும் தீபாவளி விருந்தும் குறைவின்றி நடந்தேறின. செயற்குழு விதிப்படி கூடியது.

அடுத்து, ஊழியர்களுக்கான ஞாயிறு பாதுகாப்பு வகுப்பு. “அரசாங்கமே பாதுகாப்புப் பயிற்சி நடத்தும்போது நமக்கு எதற்குத் தனி வகுப்பு?” என்று சென்ற பொதுக்கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

2004 ஏப்ரல் 20 அன்று, வட்டப் பாதை ரயிலுக்காக நிக்கல் நெடுஞ்சாலையை ஒட்டித் தோண்டிய சுமார் 30 மீட்டர் ஆழக் குழி சரிந்து நால்வர் மாண்டனர். மென்மையான கடற்களிமண்ணின் வலிமையைக் கணக்கில் கூட்டிக் காட்டியிருந்தார்கள். குழியின் இரு பக்கச் சுவர்களும் உள்ளே சாயாமல் தாங்கும் குறுக்குத் தாங்கிகள், சுவரை ஒட்டிய பக்க உத்திரத்தோடு சேரும் இணைப்பு, வடிவமைப்பிலேயே பலவீனமானது. இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறொன்று: சுவர் வளைவதை அளவுக்கருவிகள் முன்கூட்டியே காட்டின. அளவு வரம்பைத் தாண்டியதும் கணக்கைத் திருத்தி வரம்பை உயர்த்தினார்கள்; தோண்டுவது நிற்கவில்லை. விபத்தன்று காலையிலேயே இணைப்புகள் நசுங்கத் தொடங்கியிருந்தன.

அதன்பிறகு 2006இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. ஆபத்து மதிப்பீடு கட்டாயமானது. நல்ல சட்டம். ஆனால் வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங் எனும் பாதுகாப்புக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் வாசிக்கும் படிவத்தில், புதுக்கோட்டையிலிருந்து வந்து ஒரு மாதமே ஆன தம்பி கையெழுத்துப் போடும்போது அவருக்கு எவ்வளவு புரிந்திருக்கும்?

அதற்குத்தான் இந்த வகுப்பு. தோண்டும் குழியின் சுவர் எவ்வளவு நகர்ந்தால் எச்சரிக்கை அளவு, எவ்வளவு நகர்ந்தால் வேலையை நிறுத்தும் அளவு என்று வெள்ளைப் பலகையில் மஞ்சள் கோடும் சிவப்புக் கோடும் போட்டுத் தமிழில் விளக்குகிறோம். ஒரு வகுப்பில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, “அண்ணே, சிவப்பைத் தாண்டிவிட்டது என்று நான் சொன்னால் சைட் வேலை நிற்குமா, என் வேலை போகுமா?” என்று கேட்டார். அறையே அமைதியாகிவிட்டது. நம்மிடையே உள்ள பொறியாளர்கள் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. அன்று வருவதாகச் சொல்லியிருந்த மூவரில் ஒருவர்கூட வரவில்லை.

கடந்த ஜூலையில் தஞ்சோங் காத்தோங்கில் சாலை உள்வாங்கிக் கார் ஒன்று விழுந்தபோது, பக்கத்து வேலைத்தளத்தில் இருந்த ஏழு இந்திய ஊழியர்கள் கயிறு வீசி ஓட்டுநரைக் காப்பாற்றினார்கள். பெரிய திட்டத்தில் ஆபத்தை முதலில் பார்ப்பது தளத்தில் நிற்பவர்தான். அவர் வாய்திறக்க நாம் துணை நிற்கவில்லை என்றால், அலுவலகத்தில் எத்தனை கோப்பு இருந்தும் பயனில்லை.

வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை உயர்த்தும் உறுப்பினர்கள் பலர். ஞாயிறு காலையில் வந்து நிற்பவர்கள் அதே சிலர்தான். குடும்பம், இரவு வேலை, களைப்பு எல்லாம் எனக்கும் உண்டு. மாதம் ஒரு காலை என்பது பெரிய கோரிக்கை என்று நான் நினைக்கவில்லை.

கணக்கு விவரங்களைப் பொருளாளர் தருவார். வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக உள்ளன; துண்டு விழுந்ததை ஒரு நலன்விரும்பி ஈடுகட்டினார். உறுப்பினர்களில் கணிசமானோர் சந்தா கட்டவில்லை, சிலர் தொடர்ந்து இரண்டாம் ஆண்டாக. இருவர் கோப்பிக்கடையில் சில முறை பசியாறும் தொகைதான் அது. வகுப்பறை வாடகைக்கும் அச்சுச் செலவுக்கும் அதைத்தான் நம்பியிருக்கிறோம்.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், தணிக்கையாளர்கள், அறை தந்து உதவிய சமூக மன்றத்தார், உணவு பரிமாறிய தொண்டூழியர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டுகளில் வேலை பெருகும். சாங்கி விமான நிலைய ஐந்தாம் முனையக் கட்டுமானம் கடந்த மே மாதம் தொடங்கிவிட்டது. முழுவதும் நிலத்தடியில் அமையும் குறுக்குத்தீவு ரயில் பாதையின் முதல் கட்டம் 2030இல் திறக்கப்படவிருக்கிறது. இவற்றில் இறங்கப்போகும் தம்பிகளில் பலர் நம் ஊர்க்காரர்கள். வகுப்பை மாதம் இரண்டாக்க விரும்புகிறேன். செயலாளர் பொறுப்பில் நான் தொடர்வதா என்பதைப் பொதுக்கூட்டம் முடிவு செய்யட்டும். யார் வந்தாலும் வகுப்பு நிற்கக் கூடாது என்பதே என் வேண்டுகோள். அடுத்த ஆறு மாதங்களுக்கு அறையைப் பதிவு செய்ய இம்மாத இறுதிக்குள் பணம் கட்ட வேண்டும். பாடம் எடுக்க முன்வருவோருக்கான பதிவேடு வாசலருகே உள்ள மேசையில் இருக்கிறது. சந்தாவையும் அங்கேயே பொருளாளரிடம் செலுத்தலாம்.

இவண்,
செயலாளர்