வாரும்போது மறுகால் மூலையை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் குளத்தில் ஒரு காலத்தில் ஆம்பலும் கொட்டியும் கிடக்கும். இப்போது கரையிலிருந்து கரைவரை அமலைச்செடி (ஆகாயத்தாமரையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). முக்குளிப்பான் முங்கக்கூட இடமில்லை.

வேளாண்மை படிக்கும் என் தம்பி மகள் பொங்கலுக்கு வந்தபோது, மறுகால் (குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் இடம்) பக்கம் இரண்டு செடிகளைப் பிடுங்கிக் காட்டினாள். இலையெங்கும் நகத்தால் சுரண்டியது போல் தழும்பு. காம்பைப் பிளந்தால் வெள்ளைப் புழு. கூன்வண்டின் புழுவாம். அமலைச்செடி பிறந்த தென்னமெரிக்காதான் அதற்கும் ஊர். 1980களில் சோதித்துப் பார்த்து பெங்களூரு ஏரிகளில் விட்டார்கள். அப்புறம் பல மாநிலங்களுக்கும் போனது. புழு குடைந்த வழியாகத் தண்ணீர் ஏறி, செடி அழுகி மூழ்கிவிடும்.

நெல்லைத் தின்னாதா என்றுதான் நானும் முதலில் கேட்டேன். தின்னாது, அமலைச்செடி இல்லாவிட்டால் அதற்குப் பிழைப்பே இல்லை. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று ஊர் ஊராக விட்ட கம்பூசியா மீன் அப்படியில்லை. நாட்டு மீன்களின் முட்டை, குஞ்சு என்று எதையும் விட்டுவைக்காது. இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

பூச்சியை விட்டுக் களையை அடக்குவது திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதும் இல்லை. சப்பாத்திக்கள்ளி மண்டி ஆடு நுழைய முடியாமல் கிடந்த புறம்போக்கைப் பற்றி என் தாத்தா சொல்வார். 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த பூச்சி, பஞ்சுபோல் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சியே அந்தக் கள்ளியை அடக்கியது.

சரி, எங்கள் குளத்துக்கு வருகிறேன். மாசியில் ஜேசிபி வந்தது. மூன்று நாள் வாரினார்கள், அந்த மறுகால் மூலையையும் சேர்த்து. வண்டு கரையில் காய்ந்தது. சேற்றில் கிடந்த விதை, தின்ன ஆளில்லாமல் முளைத்தது. சித்திரை முடிவதற்குள் மடை மறுபடி மூடிவிட்டது.

வண்டு ஒரே பருவத்தில் குளத்தைத் துடைத்துவிடாது, மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். மேட்டுத்தெருச் சாக்கடை குளத்தில் விழுவதை நிறுத்தாவிட்டால், அது தின்பதைவிடச் செடி வேகமாகத் தழைக்கும். இதையும் அவள்தான் சொன்னாள்.

மனு கொடுக்கப் போனால், "களையை விட்டுவைக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கள்தான்" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அடுத்த டெண்டரில் "மறுகால் மூலை நீங்கலாக" என்று ஒரு வரி சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆயக்கட்டு விவசாயி,
திருநெல்வேலி மாவட்டம்.