உப்பளக் கரையில் ஓடப் போகிறவர்களுக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதிதாக ஓடத் தொடங்குபவர்களுக்கு ஏற்ற இடங்கள் என்று சென்ற இதழில் ஒரு பட்டியல் வந்திருந்தது. கலிஃபோர்னியாவில் எங்கள் ஊரான ஃப்ரீமாண்டுக்குப் பக்கத்தில் உள்ள டான் எட்வர்ட்ஸ் வனவிலங்குக் காப்பகமும் அதில் இருந்ததில் மகிழ்ச்சி. ஏற்ற இறக்கம் குறைவு, கட்டணம் இல்லை, முழங்காலுக்கு நோகாத மண்பாதை என்று எழுதியதெல்லாம் சரிதான். ‘நண்பர்கள் கூட்டமாகப் போய் ஓட அருமையான இடம்’ என்ற வரிதான் எனக்கு ஒப்பவில்லை.

அந்தப் பாதை அவ்வளவு சமதளமாக இருப்பதற்குக் காரணமே உப்புதான். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்பகுதியில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து உப்பு எடுத்து வருகிறார்கள். சதுப்பு நிலத்தில் சேற்றை வாரிக் கரை போட்டு, பெரிய பெரிய பாத்திகளாக அடைத்தார்கள். நாம் ஓடுவது பெரும்பாலும் அந்தக் கரையின் மேல்தான். வேதாரண்யம், தூத்துக்குடிப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் ஊர் உப்பளத்து வரப்பையே வண்டி போகும் அளவுக்கு அகலமாக்கிப் பார்த்தால் போதும். 2003இல் தென் விரிகுடாவில் உப்புத் தயாரிக்கும் கார்கில் நிறுவனத்திடமிருந்து 15,100 ஏக்கர் உப்பளம் பொதுச்சொத்தாக மாறியது. அதில் பல பாத்திகளின் கரையை உடைத்து, கடல்நீரை உள்ளே விட்டு, பழையபடி சதுப்பாக்குகிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் உடைப்பதில்லை. ஏனென்றால் சில பறவைகள் இந்த உப்புப் பாத்திகளுக்கே பழகிவிட்டன.

ஸ்நோயி ப்ளவர் என்ற சின்ன உப்புக்கொத்தி அவற்றில் ஒன்று. காய்ந்த பாத்தியின் வெறுந்தரையில், புல் பூண்டு மறைவுகூட இல்லாமல் முட்டையிடும். பசிபிக் கரையோரத்தில் வாழும் இந்த இனம் 1993 முதல் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. ஆள் நெருங்கினால் தாய் எழுந்து ஓடிவிடும். முட்டை வெயிலில், காக்கை, கடற்காகங்களின் கண்ணில் படும்படி கிடக்கும். அதனால்தான் மார்ச் முதல் செப்டம்பர் வரையான கூடுகட்டும் காலத்தில் சில இடங்களை அடைத்து வைக்கிறார்கள். குளிர்காலத்தில் வேறு கதை. வடக்கேயிருந்து வரும் உள்ளான் பறவைகள் நீர் வற்றும் நேரத்தில் சேற்றில் இரை தேடும், நீர் ஏறும்போது கரைகளில் ஒதுங்கி நிற்கும். பத்துப் பேர் சத்தமாகப் பேசிக்கொண்டு ஓடி வந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். நமக்கு அது அழகான காட்சி, அவற்றுக்குத் தின்ற தீனி வீண்.

இன்னொன்று. இது 1972இல் சட்டம் போட்டு உருவாக்கிய காப்பகம், பூங்கா அல்ல. அமெரிக்கத் தேசியக் காப்பகங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு பயன்பாடுகளுக்கு முன்னுரிமை தருகிறது: வேட்டை, மீன்பிடிப்பு, காட்டுயிர்களைப் பார்ப்பது, படமெடுப்பது, சூழல் கல்வி, இடத்தைப் பற்றி விளக்கிச் சொல்வது. வேட்டைகூட இருக்கிறது, ஓட்டம் இல்லை! (வாத்து வேட்டைக் காலத்தில் சில பாத்திகள் பக்கம் துப்பாக்கிச் சத்தமும் கேட்கும்.) காட்டுயிர்களுக்கு இடைஞ்சல் இல்லாதவரை ஓடலாம், அவ்வளவுதான்.

நானும் அங்கே ஓடுகிறவன்தான். தனியாகவோ இரண்டு பேராகவோ, ஸ்பீக்கரில் பாட்டு இல்லாமல், பறவைக் கூட்டம் கண்டால் நடைக்கு மாறிக்கொண்டு ஓடினால் யாருக்கும் தொந்தரவு இல்லை. கோடையில் காலையிலேயே போய்விடுங்கள். பிற்பகலில் விரிகுடாக் காற்று முகத்தில் அறையும், ஒதுங்க நிழலும் கிடையாது. தண்ணீர் கையில் இருக்கட்டும். சேற்று நாற்றம் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். கூட்டமாக ஓடத்தான் ஆசை என்றால் ஃப்ரீமாண்டிலேயே எலிசபெத் ஏரியைச் சுற்றி நல்ல சமதளப் பாதை இருக்கிறது. அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

அடுத்த முறை இந்தப் பட்டியலைப் போடும்போது, எந்த மாதங்களில் அங்கே சில பாதைகள் மூடியிருக்கும் என்பதையும் ஒரு வரி சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா