ஹேங்க் வில்லியம்ஸுக்கு ஒரு வாத்தியார் இருந்தார்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்கக் கிராமப்புற இசையான ‘கன்ட்ரி’ பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் பற்றி வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். 29 வயதில், 1953 புத்தாண்டு நாளில், கச்சேரிக்குப் போகும் வழியில் காரிலேயே முடிந்துபோன அவர் வாழ்க்கையின் கடைசிக் காலத்தை நன்றாகவே விவரித்திருக்கிறார் கட்டுரையாளர். ஆனால் இளமைக்கு இரண்டே வரி. அதிலும் ‘யாரிடமும் கற்காத சுயம்பு’ என்று ஒரு போடு!

சுயம்பு எல்லாம் இல்லை. அலபாமா மாநிலத்தின் மவுன்ட் ஆலிவ் என்ற சின்ன ஊரில் 1923-இல் பிறந்தவர். பிறவியிலேயே முதுகெலும்பில் கோளாறு. ஹேங்க்குக்கு ஆறு வயதானபோது அப்பா முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைக்குப் போனார். வருடக்கணக்கில் வீடு திரும்பவில்லை. அம்மா லில்லி வாடகைக்குத் தங்குபவர்களுக்குச் சாப்பாடும் போடும் விடுதி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். தேவாலயத்தில் அம்மா ஆர்கன் வாசிக்க, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது முதல் பாடம். பையன் ஜார்ஜியானா ஊரில் வேர்க்கடலை விற்றான், ஷூவுக்கு பாலிஷ் போட்டான்.

அந்தத் தெருக்களில்தான் ரூஃபஸ் பெய்னைப் பிடித்துக்கொண்டான். எல்லோருக்கும் அவர் ‘டீ டாட்’. கிட்டார் வாசித்துப் பாடி, விழுகிற சில்லறையில் பிழைத்த கறுப்பினக் கலைஞர். வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பருக்கு ஒரு வாசல் என்று சட்டமே பிரித்து வைத்திருந்த ஊரில் ஒரு வெள்ளைக்காரப் பையன் அவர் பின்னாலேயே சுற்றினான். பாடம் சொன்னதற்கு லில்லி சாப்பாடு போட்டார் என்பார்கள். கிட்டாரில் விரல் வைப்பதை மட்டுமா கற்றுக்கொண்டான்? தன் வேலையாகப் போகிறவனை நிறுத்திக் கேட்க வைக்கும் வித்தையும், கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸின் தாளமும் அங்கிருந்து வந்தவைதான். தனக்குக் கிடைத்த இசைப் பயிற்சி முழுக்க அவரிடம் பெற்றதே என்று புகழின் உச்சியில் இருந்தபோது ஹேங்க்கே சொல்லியிருக்கிறார். 1949-இல் அவர் பதிவுசெய்த ‘மை பக்கெட்ஸ் காட் எ ஹோல் இன் இட்’ டீ டாட்டிடம் கற்ற பாட்டு. ஹேங்க் போட்ட கோட்டுகளுக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கிய கட்டுரையில் இவருக்கு ஒரு வரி கூடவா இல்லை?

1937-இல் குடும்பம் மான்ட்கோமரிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே எம்பயர் தியேட்டரில் நடந்த போட்டியில், அரசின் நிவாரண வேலைத் திட்டத்தைப் பற்றித் தானே எழுதிய பாட்டைப் பாடி 15 டாலர் பரிசு வாங்கினார். அப்புறம் டபிள்யூ.எஸ்.எஃப்.ஏ. வானொலி; ஹைரம் என்ற பெயர் ஹேங்க் ஆனது. ஊர் ஊராகக் கச்சேரி நடந்தபோது வாசலில் நின்று டிக்கெட் காசு வாங்கிப்போட்டவர் லில்லி. அவரையும் கட்டுரை ‘கண்டிப்பான தாய்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறது.

பெய்ன் அதே மான்ட்கோமரியில் 1939-இல் ஏழையாகவே இறந்தார். அப்போது மாணவனுக்கு வயது 15. குருவின் வாசிப்பு ஒன்று கூடப் பதிவாகவில்லை. அதனால்தான் எழுத்திலாவது அவர் பெயர் வரவேண்டும் என்கிறேன்.

அடுத்த இதழில் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் பற்றிய இரண்டாம் பகுதி வருவதாகப் போட்டிருக்கிறீர்கள். அங்கே நடக்கும் புகழ்பெற்ற வானொலி இசை நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரி மேடைக்குப் போவதற்கு முன் ஜார்ஜியானா தெருவுக்கு அரைப் பக்கம் கொடுக்கச் சொல்லுங்கள். இடம் போதாது என்றால் கோட்டுப் படங்களில் ஒன்றை எடுத்துவிடலாம்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி